ஆளுக்குப் பாதி: 2013 டிசம்பரில் அமெரிக்க பட்ஜெட் உடன்பாடு உருவான விதம்

அரசே 16 நாள் முடங்கிக் கிடந்த ஓர் இலையுதிர் காலத்துக்குப் பிறகு, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசின் இரு கட்சிகளும் எட்டு வாரத்துக்குள் ஒரு பட்ஜெட் உடன்பாட்டுக்கு வந்தன. அது எப்படி நடந்தது, அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்பதை இந்த ஆய்வு தொடர்ச்சியாகப் பதிவு செய்கிறது. ஆட்களின் பெயர்களை விட்டுவிட்டுப் பதவிகளை மட்டும் குறிப்பிடுகிறேன். தொகைகள் அனைத்தும் அமெரிக்க டாலரில். ஒரு பில்லியன் என்பது 100 கோடி. ஒரு டிரில்லியன் என்பது ஒரு லட்சம் கோடி.

பின்னணி: 2011இல் விழுந்த முடிச்சு

2011 கோடையில் கடன் உச்சவரம்பை, அதாவது அரசு வாங்கக்கூடிய மொத்தக் கடனுக்குச் சட்டம் வைத்த எல்லையை, உயர்த்தியே ஆக வேண்டிய நிலைக்கு அரசு வந்தது. கீழவையான பிரதிநிதிகள் சபை குடியரசுக் கட்சியின் கையில் இருந்தது. மேலவையான செனட்டும் அதிபர் பதவியும் ஜனநாயகக் கட்சியிடம் இருந்தன. செலவைக் குறைக்காமல் உச்சவரம்பை உயர்த்த மாட்டோம் என்று கீழவை உறுதியாக நின்றது. இழுபறிக்குப் பின் ஆகஸ்ட் 2 அன்று பட்ஜெட் கட்டுப்பாட்டுச் சட்டம் கையெழுத்தானது.

அந்தச் சட்டம் இரண்டு காரியங்களைச் செய்தது. காங்கிரஸ் ஆண்டுதோறும் ஒதுக்கும் செலவுக்குப் பத்தாண்டுகளுக்கு வரம்பு கட்டியது. கூடவே, கட்சிக்கு 6 பேராக 12 உறுப்பினர் கொண்ட குழு ஒன்றை அமைத்து, பற்றாக்குறையை மேலும் 1.2 டிரில்லியன் டாலராவது குறைக்க வழி சொல்லும்படி கேட்டது. குழு தவறினால் ராணுவச் செலவிலும் மற்றத் துறைகளின் செலவிலும் சரிபாதியாக வெட்டு தானாகவே விழும். ராணுவத்தில் கைவைப்பது ஒரு கட்சிக்குப் பிடிக்காது, மக்கள் நலத் திட்டங்களில் கைவைப்பது மற்றதற்குப் பிடிக்காது. ஆகவே இந்த மிரட்டலுக்குப் பயந்தாவது இரு தரப்பும் இறங்கி வரும் என்று கணக்குப் போட்டார்கள்.

கணக்கு பொய்த்தது. வரியை உயர்த்தக் கூடாது என்றது ஒரு தரப்பு. வரி உயராமல் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேரையும் ஓய்வூதியத் திட்டத்தையும் தொட விடமாட்டோம் என்றது இன்னொன்று. 2011 நவம்பர் 21 அன்று குழு தோல்வியை ஒப்புக்கொண்டது. 2013 ஜனவரியில் தொடங்கவிருந்து, இரண்டு மாதம் தள்ளிவைக்கப்பட்ட தானியங்கி வெட்டு 2013 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்த நிதியாண்டுக்கு மட்டும் சுமார் 85 பில்லியன் டாலர். விலக்குப் பெற்ற சில திட்டங்கள் போக, எது முக்கியம், எது இல்லாமலும் சமாளிக்கலாம் என்று பாராமல் அந்தந்தப் பிரிவுக்குள் ஒரே விகிதத்தில் விழுந்த வெட்டு அது.

மார்ச் முதல் செப்டம்பர் வரை: கூடாத கூட்டுக் குழு

2009க்குப் பிறகு செனட் பட்ஜெட் தீர்மானமே நிறைவேற்றவில்லை. அதைக் குத்திக்காட்டிய கீழவை, எந்த அவை பட்ஜெட்டை நிறைவேற்றவில்லையோ அந்த அவையின் உறுப்பினர்களுக்குச் சம்பளத்தை நிறுத்திவைக்கும் சட்டத்தை 2013 தொடக்கத்தில் கொண்டுவந்தது. அது பலித்தது என்றுதான் சொல்ல வேண்டும். மார்ச் 21 அன்று கீழவை தன் பட்ஜெட்டை 221–207 என்ற வாக்கிலும், மார்ச் 23 அன்று செனட் தன்னுடையதை 50–49 என்ற வாக்கிலும் நிறைவேற்றின.

இரண்டும் எதிரெதிர்த் திசையில் இருந்தன. கீழவையின் திட்டத்தில் புதிய வரி கிடையாது. பத்தாண்டில் வரவும் செலவும் சமமாகும். அதிபரின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் ரத்தாகும். செனட்டின் திட்டம் பத்தாண்டில் ஒரு டிரில்லியனுக்குச் சற்றே குறைவான கூடுதல் வரி வருவாயைக் கோரியது. 2014ஆம் நிதியாண்டின் ஒதுக்கீட்டுச் செலவுக்குக் கீழவை சொன்ன எண் 967 பில்லியன். செனட் சொன்னது 1,058 பில்லியன்.

இப்படி வேறுபாடு வந்தால் இரு அவைகளின் உறுப்பினர்களும் கூட்டுக் குழுவில் உட்கார்ந்து பேசுவது வழக்கம். இந்த முறை அது கூடவே இல்லை. குழுவை அமைக்கச் செனட்டின் பெரும்பான்மைத் தரப்பு திரும்பத் திரும்ப ஒருமித்த ஒப்புதல் கேட்டது. சிறுபான்மைத் தரப்பின் சில செனட்டர்கள் ஒவ்வொரு முறையும் ஆட்சேபித்தார்கள். கூட்டுக் குழுவின் வழியாகக் கடன் உச்சவரம்பை எளிய பெரும்பான்மையில் உயர்த்திவிடுவார்கள் என்பது அவர்களுடைய ஐயம். பட்ஜெட் எங்கே என்று ஆண்டுக்கணக்கில் கேட்ட கட்சியைச் சேர்ந்தவர்களே, பட்ஜெட் வந்ததும் அதைப் பேச விடாமல் தடுத்தது விநோதம்தான். ஆனாலும் அந்தத் தடையைப் புரிந்துகொள்ள முடிகிறது. அவர்கள் பயந்தது எதிர்க்கட்சிக்கு மட்டுமல்ல. தங்கள் கட்சியின் பேரக்காரர்கள் வளைந்து கொடுத்துவிடுவார்கள் என்றும் பயந்தார்கள்.

அக்டோபர் முடக்கம்

புதிய நிதியாண்டு அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. ஒதுக்கீட்டு மசோதா எதுவும் தயாராக இல்லை. மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்குப் பணம் தரக் கூடாது என்ற நிபந்தனையோடு கீழவை அனுப்பிய இடைக்கால மசோதாவைச் செனட் ஏற்கவில்லை. அரசு முடங்கியது. சுமார் 8 லட்சம் ஊழியர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். முடக்கம் முடிந்தபின் அரசே வெளியிட்ட கணக்கில், இப்படி வேலையின்றிப் போன ஊழியர் நாட்கள் மொத்தம் 66 லட்சம்.

அக்டோபர் 16 இரவு முட்டுக்கட்டை உடைந்தது. செனட்டில் 81–18, கீழவையில் 285–144. கீழவை வாக்குகளைச் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆதரித்தவர்களில் குடியரசுக் கட்சியினர் 87 பேர்தான். எதிர்த்த 144 பேரும் அந்தக் கட்சியே. சபாநாயகர் தன் கட்சியின் பெரும்பான்மையை மீறி, எதிர்க்கட்சியின் வாக்கை வைத்து மசோதாவை நிறைவேற்ற வேண்டியிருந்தது.

மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் அப்படியே இருந்தது. 2014 ஜனவரி 15 வரை அரசு இயங்கப் பணம் கிடைத்தது, பிப்ரவரி 7 வரை கடன் உச்சவரம்பு நிறுத்திவைக்கப்பட்டது. மார்ச்சிலிருந்து கூடாமல் இருந்த கூட்டுக் குழுவும் அமைந்தது. டிசம்பர் 13க்குள் அது முடிவு சொல்ல வேண்டும்.

பேச்சுவார்த்தையில் கவனித்தவை

குழுவில் 29 பேர். அக்டோபர் 30 அன்று முதல் கூட்டம் நடந்தது. கேமராக்கள் முன்னால் ஒவ்வொருவரும் தத்தம் கட்சியின் நிலைப்பாட்டை வாசித்தார்கள். வெளிப்படையான கூட்டங்கள் அவசியம்தான், ஆனால் அங்கே யாரும் விட்டுக்கொடுக்க முடியாது. விட்டுக்கொடுத்த கணமே அது செய்தியாகிவிடும். உண்மையான பேரம் இரு அவைகளின் பட்ஜெட் குழுத் தலைவர்களுக்கும் அவர்களுடைய அலுவலர்களுக்கும் இடையே தனியே நடந்தது. அவர்கள் இருவரும் அந்த ஆண்டின் தொடக்கத்திலிருந்தே அவ்வப்போது சந்தித்துப் பேசி வந்தவர்கள் என்பதால் அறிமுகத்துக்கென்று நேரம் செலவாகவில்லை.

அந்த இருவரின் பின்புலம் இந்த நிகழ்வில் முக்கியம். செனட் குழுவின் தலைவர், 2011இல் தோற்றுப்போன அந்த 12 பேர் குழுவின் இணைத் தலைவராக இருந்தவர். பெரிய உடன்பாடு எங்கே உடைகிறது என்பதை உள்ளிருந்து பார்த்தவர். கீழவைக் குழுவின் தலைவர் 2012 தேர்தலில் தன் கட்சியின் துணை அதிபர் வேட்பாளர். செலவுக் குறைப்புக்கு நாடறிந்த முகம். முடக்கத்தை முடித்த அக்டோபர் மசோதாவுக்கு எதிராகவே வாக்களித்தவர். இவர் ஒன்றை ஏற்றுக்கொண்டால், அது கொள்கைத் துரோகம் என்று அவருடைய கட்சிக்குள் சொல்வது கடினம். விட்டுக்கொடுப்பவர்களைத் தேடும்போது நடுநிலையாளர்களையே நாடுவது பொதுவான பழக்கம். இங்கே வேலை நடந்தது, இரு பக்கமும் பிடிவாதக்காரர்கள் என்று பெயர் எடுத்தவர்கள் உட்கார்ந்ததால்தான் என்பது என் மதிப்பீடு.

இன்னொன்று, அழுத்தம் இரு பக்கமும் இருந்தது. 2014 ஜனவரியில் விழவிருந்த அடுத்த சுற்று வெட்டில் ராணுவம் மேலும் சுமார் 20 பில்லியன் டாலரை இழக்கவிருந்தது. பாதுகாப்புத் துறையை ஆதரிக்கும் குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் இதனால் தவித்தார்கள். 2011இல் பலிக்காத மிரட்டல் இரண்டு ஆண்டு கழித்துப் பலித்தது. வெட்டு வரும் என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் அசையாதவர்கள், ஒரு வருடம் அதை அனுபவித்த பிறகு அசைந்தார்கள்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதல் முடிவு, பெரிய உடன்பாட்டைத் தேடுவதில்லை. வரிச் சீர்திருத்தத்தையும் முதியோர் காப்பீட்டுச் சீர்திருத்தத்தையும் மேசையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஒருவர் கொள்கையை மற்றவர் கைவிட வேண்டும் என்று கேட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும் என்பது 2011இன் பாடம். எஞ்சியது ஒரே கேள்வி: அடுத்த இரண்டு ஆண்டுக்குச் செலவு வரம்பு எவ்வளவு?

அதற்கு அவர்கள் கண்ட விடை, கிட்டத்தட்டக் கூட்டி இரண்டால் வகுத்தது. 967க்கும் 1,058க்கும் நடுவே வருவது 1,012.5. உடன்பாட்டில் எழுதிய எண் 1,012 பில்லியன். பொருளாதார வாதம் எதுவும் இந்த எண்ணுக்குப் பின்னால் இல்லை. யாரும் தோற்றதாகத் தெரியாத எண் என்பதே அதன் தகுதி. 2015க்கு 1,014 பில்லியன். தானியங்கி வெட்டிலிருந்து இரண்டு ஆண்டுகளில் 63 பில்லியன் டாலர் தளர்வு கிடைத்தது, ராணுவத்துக்கும் மற்றத் துறைகளுக்கும் சரிபாதியாக.

அந்த 63 பில்லியனை ஈடுகட்டியாக வேண்டும். கடன் வாங்கிச் செலவைக் கூட்டினால் கீழவை ஏற்காது. வரியும் கூடாது. இந்த இடுக்கில்தான் உடன்பாட்டின் உண்மையான அரசியல் இருக்கிறது. விமானப் பயணிகளின் பாதுகாப்புக் கட்டணம் ஒரு வழிப் பயணத்துக்கு 5.60 டாலராக உயர்ந்தது. வரி அல்ல, கட்டணம் என்பதால் ஒரு தரப்பு கண்டுகொள்ளவில்லை. அரசுக்கு வருவாய் வருகிறது என்பதால் மறு தரப்பு ஏற்றுக்கொண்டது. 2014 முதல் வேலைக்குச் சேரும் மத்திய அரசு ஊழியர்கள் ஓய்வூதியத்துக்குச் சம்பளத்தில் 1.3 சதவீதப் புள்ளி கூடுதலாகச் செலுத்த வேண்டும். இதில் சுமார் 6 பில்லியன் மிச்சம். 62 வயதை எட்டாத முன்னாள் ராணுவத்தினரின் ஓய்வூதியம் விலைவாசிக்கேற்ப உயரும் விகிதத்தில் ஒரு சதவீதப் புள்ளி குறைப்பு. இதிலும் சுமார் 6 பில்லியன். சிவில் பக்கம் ஆறு, ராணுவப் பக்கம் ஆறு. இங்கும் ஆளுக்குப் பாதிதான்.

எல்லாவற்றிலும் பெரிய தொகை, சுமார் 28 பில்லியன், வந்த வழி வேறு. மெடிகேர் முதலான திட்டங்களில் ஏற்கெனவே இருந்த வெட்டை 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கு நீட்டினார்கள். செலவு இன்று, சேமிப்பு எட்டு, ஒன்பது ஆண்டுக்குப் பின். மொத்த ஈடு சுமார் 85 பில்லியன் என்றும், பத்தாண்டில் பற்றாக்குறை 20 பில்லியனுக்குச் சற்று மேல் குறையும் என்றும் அறிவித்தார்கள். கணக்கு சரிதான், காலம்தான் எதிர்காலம்.

ஒன்றை வேண்டுமென்றே விட்டார்கள். நீண்ட காலம் வேலை கிடைக்காதவர்களுக்கான கூடுதல் உதவித்தொகை அந்த டிசம்பர் 28 அன்று காலாவதியாகவிருந்தது. ஜனநாயகக் கட்சி அதைச் சேர்க்கக் கேட்டது. சேர்த்தால் இன்னும் 25 பில்லியன் அளவுக்கு ஈடு தேட வேண்டும். பேச்சு உடையும் அபாயம் இருந்தது. பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கினார்கள்.

வாக்கெடுப்பு

டிசம்பர் 10 அன்று இருவரும் சேர்ந்து உடன்பாட்டை அறிவித்தார்கள். எழுத்து வடிவம் வெளியாகும் முன்பே சில பழமைவாத அமைப்புகள் எதிர்ப்பு அறிவித்தன. முடக்கத்தின்போது அவற்றின் அழுத்தத்துக்குப் பணிந்திருந்த சபாநாயகர், இந்த முறை செய்தியாளர்கள் முன்னிலையில் அந்த அமைப்புகளைச் சாடினார். இது ஆத்திரத்தில் நேர்ந்த செயல் என்று நான் நினைக்கவில்லை. தயங்கிய உறுப்பினர்களுக்கு, தலைமை உங்கள் முன்னால் நிற்கும் என்று காட்டிய வேலை அது. அங்கே கட்சியை மீறி வாக்களித்தால் பதவி பறிபோகாது. ஆனால் அடுத்த உட்கட்சித் தேர்தலில் போட்டியாளர் முளைப்பார். உறுப்பினரின் பயம் அங்கேதான்.

டிசம்பர் 12 அன்று கீழவையில் 332–94. குடியரசுக் கட்சியில் 169 பேரும் ஜனநாயகக் கட்சியில் 163 பேரும் ஆதரித்தார்கள். முறையே 62 பேரும் 32 பேரும் எதிர்த்தார்கள். அக்டோபரில் தன் கட்சியில் 87 பேரை மட்டும் திரட்ட முடிந்த தலைமைக்கு இது பெரிய மாற்றம். வாக்களித்த கையோடு கீழவை ஆண்டுக்கான பணியை முடித்துக்கொண்டது. செனட்டுக்குத் திருத்தம் செய்ய அவகாசமே இல்லை.

செனட்டில் விவாதத்தை முடிக்க 60 வாக்கு தேவை. டிசம்பர் 17 அன்று 67 கிடைத்தது. மறுநாள் இறுதி வாக்கெடுப்பு 64–36. குடியரசுக் கட்சியினர் 9 பேர் மட்டும் சேர்ந்தார்கள். விவாதத்தை முடிக்க உதவிய 12 பேரில் மூவர் மசோதாவுக்கு எதிராக வாக்களித்தார்கள்: மசோதா நிறைவேறட்டும், ஆனால் என் கை அதில் படக் கூடாது. இதையும் ஒருவகை ஒத்துழைப்பாகத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். டிசம்பர் 26 அன்று அதிபர் கையெழுத்திட்டார்.

பின் விளைவுகள்

உடனடிப் பலன் நன்றாகவே இருந்தது. மொத்த வரம்பு முடிவானதால் ஒதுக்கீட்டுக் குழுக்கள் துறைவாரியாகப் பங்கிட முடிந்தது. 2014 ஜனவரியில் எல்லாத் துறைகளையும் உள்ளடக்கிய ஒதுக்கீட்டு மசோதா கீழவையில் 359–67, செனட்டில் 72–26 என்று நிறைவேறியது. பிப்ரவரியில் கடன் உச்சவரம்பு நிபந்தனையின்றி நீட்டிக்கப்பட்டது. அடுத்த முடக்கம் 2018 ஜனவரியில்தான் வந்தது.

ஆனால் ஈடுகட்டிய பகுதிகளின் கதி ஒன்றுபோல இல்லை. முன்னாள் ராணுவத்தினரின் ஓய்வூதியக் குறைப்புக்கு எதிர்ப்பு கிளம்பியதும் 2014 பிப்ரவரியிலேயே காங்கிரஸ் பின்வாங்கியது. செனட்டில் 95–3, கீழவையில் 326–90. டிசம்பரில் குறைப்புக்கு வாக்களித்தவர்களே பெரும்பாலும் அதை நீக்கவும் வாக்களித்தார்கள். 2014 ஜனவரி 1 முதல் ராணுவத்தில் சேருபவர்களுக்கு மட்டும் குறைப்பு என்று மாற்றினார்கள். போன தொகையை ஈடுகட்ட மெடிகேர் வெட்டை மேலும் ஓராண்டு, 2024 வரை, நீட்டினார்கள்.

வேலையற்றோருக்கான உதவித்தொகை டிசம்பர் 28 அன்று நின்றது. ஒரே நாளில் 13 லட்சம் பேர் அதை இழந்தார்கள். 2014 ஏப்ரலில் அதை மீட்கும் மசோதாவைச் செனட் 59–38 என்று நிறைவேற்றியது. கீழவை எடுத்துக்கொள்ளவே இல்லை. புதிதாகச் சேரும் அரசு ஊழியர்களின் கூடுதல் பங்களிப்பு நிலைத்துவிட்டது. டிசம்பரில் இன்னும் வேலைக்கே வராதவர்கள் அவர்கள். எதிர்ப்புத் தெரிவிக்க யார் இருந்தார்கள்?

இதே அச்சு 2015, 2018, 2019 ஆண்டுகளிலும் பயன்பட்டது: இரண்டு ஆண்டுக்கு வரம்பைத் தளர்த்துவது, இரு பக்கத்துக்கும் பங்கிடுவது. 2015இல் தளர்வு 80 பில்லியன். 2018இல் சுமார் 300 பில்லியன், அதில் பெரும்பகுதிக்கு ஈடே இல்லை. விட்டுக்கொடுக்கும் பழக்கம் நிலைத்தது, ஈடுகட்டும் பழக்கம் தேய்ந்தது.

மாற்றியிருக்க வேண்டியவை

குறுகிய இலக்கு, பாதிப் பாதிப் பங்கீடு, தனி அறைப் பேச்சு ஆகிய மூன்றையும் நான் மாற்ற மாட்டேன். அவை இல்லாவிட்டால் ஜனவரி 15 அன்று இரண்டாவது முடக்கம் வந்திருக்கும் வாய்ப்பே அதிகம்.

மாற்ற வேண்டியது ஈடுகளைத் தேர்ந்தெடுத்த விதம். உடன்பாடு அறிவிக்கப்பட்டு இரண்டு நாளில் கீழவை வாக்களித்தது. ஓய்வூதியக் குறைப்பு யார் யாரைத் தொடும், போரில் ஊனமுற்று ஓய்வு பெற்றவர்களையும் தொடுமா என்ற கேள்விக்கு விடை தெரிந்துகொள்ள அவகாசம் இல்லை. தொடும் என்று பிறகு தெரிந்ததும் ஜனவரி மசோதாவிலேயே அவர்களுக்கு அவசரமாக விலக்குத் தர வேண்டியிருந்தது. எண்கள் முடிவான பிறகும் ஒரு வாரம் வைத்திருந்தால் இந்த ஓட்டையைக் குழுக்களே கண்டிருக்கும். டிசம்பர் 13 என்ற கெடு பேச்சை முடிக்க உதவியது. வரைவைச் சரிபார்க்கவிருந்த நேரத்தையும் அதுவே விழுங்கியது.

வேலையற்றோர் உதவியை உடன்பாட்டுக்கு வெளியே வைத்தது பேர உத்தியாகச் சரியாக இருக்கலாம். ஆனால் கீழவை கலைவதற்கு முன் அதற்குத் தனி வாக்கெடுப்பு நடத்தும் உறுதியை ஜனநாயகத் தரப்பு கேட்டு வாங்கியிருக்க வேண்டும். அவர்களுடைய 163 வாக்கு இல்லாமல் கீழவைத் தலைமையால் நகர்ந்திருக்க முடியாது. கேட்கும் பலம் டிசம்பர் 12 காலை வரை அவர்களிடம் இருந்தது. அன்று மாலைக்குப் பிறகு இல்லை.

பத்தாவது ஆண்டில் வரும் சேமிப்பைக் கொண்டு முதல் ஆண்டின் செலவை ஈடுகட்டுவதற்கு ஒரு வரம்பு இருந்திருக்க வேண்டும் என்பது கடைசியாகச் சொல்ல வேண்டியது. 2021இல் முடிய வேண்டிய மெடிகேர் வெட்டை 2013இல் 2023 வரையும், இரண்டே மாதத்தில் 2024 வரையும் தள்ளினார்கள். பின்வந்த சட்டங்கள் அதை 2030க்கு அப்பாலும் கொண்டுபோய்விட்டன.